ஆய்வு ஏடும் யானை வேலியும்

ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்பது சோதித்தறியப்பட்ட பின்னரே அது நோயாளிக்கு அளிக்கப்படுகின்றது. இயற்கைப் பாதுகாப்புத் துறையிலோ நிலைமை வேறாகும். வழக்கமாகச் செய்து வந்தது என்பதே பல செயல்களுக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. வில்லியம் சதர்லாண்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் 2004ஆம் ஆண்டில் இக்குறையை எடுத்துக்காட்டி, மருத்துவத்திற் போலவே இத்துறையிலும் சான்றே செயலுக்கு அடிப்படையாதல் வேண்டும் என வற்புறுத்தினர். அறிஞர் கண்ட உண்மைக்கும் களத்தில் நிகழும் செயலுக்கும் இடையே உள்ள தூரம் எத்துணைப் பெரிது என்பதை இலங்கையின் யானைப் பிரச்சினை தெளிவாகக் காட்டும்.

மாத்தளை மாவட்டத்தின் கலேவெலப் பகுதியில், புனித அந்தோனியார் ஆலயத்தாற் பெயர்பெற்றது வஹகோட்டை. கலேவெல, தம்புள்ளை, வில்கமுவ முதலிய இப்பகுதிகளில் வயலும் சேனையும் காடும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கின்றன. பண்டைத் தமிழர் தினைப்புனத்திற் பரணமைத்து விலங்கை ஓட்டியதை இலக்கியத்திற் படித்து மகிழ்கின்றோம். இங்குள்ள உழவனுக்கோ அஃது இலக்கியமன்று, இராக்காலத்து வாழ்வாகும். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 450க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. மக்களும் 150 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

யானைகளைச் சரணாலயங்களுக்குள் ஒதுக்கிவிடுதலே தீர்வு என்ற கொள்கை 1959ஆம் ஆண்டளவில் உருப்பெற்றது. அதன்படி வெடி கொளுத்தி யானைக்கூட்டங்கள் துரத்தப்பட்டன. தொல்லை தரும் ஆண்யானைகள் பிடிக்கப்பட்டு வேறு காடுகளில் விடப்பட்டன. இவற்றின் விளைவை, பிருதிவிராஜ் பெர்னாண்டோ என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். இவ்வாறு இடம் மாற்றப்பட்ட 12 ஆண்யானைகளின் கழுத்திற் செய்மதிக் கருவி பூட்டி, அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தனர். சில பழைய இடத்துக்கே மீண்டன. சில ஊர் ஊராய் அலைந்தன. சில விட்ட இடத்துக்கு அண்மையிலேயே தங்கிப் புதிய ஊர்களுக்குத் தொல்லை விளைத்தன. இடமாற்றத்தாற் பிரச்சினை தீரவில்லை, பரவியது. 2012இல் இம்முடிபு வெளியிடப்பட்டது. எனினும் யானை துரத்தும் வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை.

அதே குழுவினர் நாடளாவ நடத்திய மற்றோர் ஆய்வு, இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன என்றும், அந்நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர் என்றும் காட்டியது. இவ்வளவு யானைகளையும் சரணாலயங்களுள் அடைத்தால் அவற்றுக்கு உணவு போதாது என்பது வெளிப்படை.

இனி மின்வேலியை நோக்குவோம். மின்வேலியின் அதிர்ச்சி யானையைக் கொல்வதன்று. அச்சமூட்டுவதே அதன் தொழில். 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேலி நாட்டில் அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் அதிற் பெரும்பகுதி வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வனத் திணைக்களக் காட்டுக்கும் இடைப்பட்ட எல்லையிலே நிற்கின்றது. எல்லை மனிதன் வரைந்தது. யானை அதனை அறியாது. வேலிக்கு இப்புறமும் யானை, அப்புறமும் யானை. ஆளரவமற்ற காட்டினுள்ளே கம்பத்தைத் தள்ளி வீழ்த்த யானைக்கு வேண்டிய அவகாசம் உண்டு. கொடி படர்ந்து கம்பியிற் பட்டால் மின்வலு குன்றும். அதை வெட்டுவாரும் அங்கில்லை.

ஆய்வு காட்டிய வழி எளியது: யானையை வேலியிட்டு அடைப்பதை விடுத்து, ஊரையும் பயிரையும் வேலியிட்டுக் காத்தலே அது. அயல் மாவட்டமான குருநாகலின் கல்கமுவைப் பகுதியில் இது செய்து பார்க்கப்பட்டது. ஊரைச் சுற்றி நிலையான வேலி. வயலைச் சுற்றி விளைகாலத்துக்கு மட்டும் வேலி. அறுவடை முடிந்ததும் வயல்வேலி நீக்கப்படும். வறட்சிக் காலத்தில் யானை அங்கு வந்து தாளை மேயும். வேலியைப் பேணுவோர் அதனாற் பயன்பெறும் ஊராரே. தன் நெல்லைக் காக்கும் கம்பியிற் கொடி படர உழவன் விடுவானா? 2020இல் பெர்னாண்டோ தலைமையிலான குழு வகுத்த தேசிய செயற்றிட்டத்திலும் இம்முறை முதன்மை பெற்றது.

வழி தெரிந்தும் நடை தளர்வதற்குக் காரணங்கள் பல. ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. உழவரும் சிற்றதிகாரிகளும் அவற்றைக் காண்பதில்லை. ஓரிரவு யானை ஊருக்குள் புகுந்தால் மறுநாளே துரத்தவேண்டும் என்பது மக்களின் கோரிக்கை. அதிகாரியால் அதனை மறுத்தல் அரிது. மாண்டவன் குடும்பத்தின் முன் நின்று புள்ளிவிவரம் பேச எவரால் இயலும்? ஆகவே ஆய்வாளர் தம் முடிபை வெளியிட்டதோடு கடமை முடிந்தது எனக் கொள்ளலாகாது.

இவ்விடைவெளியைக் குறைப்பதற்கு மூன்று செயல்கள் இன்றியமையாதன. ஆராயவேண்டிய வினாவை ஆய்வாளரும் அதிகாரியும் உழவரும் கூடி வகுத்தல் ஒன்று. முடிபுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிய நடையில் ஊருக்குக் கொண்டுசெல்லல் மற்றொன்று. ஒவ்வொரு வேலியையும் ஒரு சோதனையாகவே கருதி, எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது எனக் குறித்துவைத்தல் மூன்றாவது. இக்குறிப்பை எழுதுவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வேலியோரத்து ஊர்ப் பாடசாலை மாணவனும் எழுதலாம்.

உழவன் இரவின் அனுபவம் ஆய்வாளன் ஏட்டில் ஏறவேண்டும்; ஆய்வாளன் ஏடு உழவன் வேலியில் இறங்கவேண்டும். இவ்விரண்டும் நிகழும் நாளில் யானையும் பிழைக்கும், உழவனும் கண்ணுறங்குவான்.