விதைக்கடன் போல ஒரு புத்தகக்கடன்

எர்ணாவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மர அலமாரி, முந்நூறு சொச்சம் புத்தகங்கள், ஆணியில் தொங்கும் ஒரு நீளநோட்டு. இதுதான் எங்கள் தெரு நூலகம். போன மாதக் கூட்டத்துக்கு வந்த உழவர்கள் சிலர், "நம்ம ஊர்லயும் ஒண்ணு வைக்கணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். மொட்டைமாடியில் கத்தரி வளர்க்கிறவன் உழவர்களுக்குச் சொல்லித் தருவதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த யோசனையே உழவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் நடத்திய நெல் திருவிழா உங்களுக்குத் தெரியும். 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப் போனால் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விதையைப் பூட்டி வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும். பத்துப் பேர் வயலில் இருந்தால் ஒருவர் வயல் மூழ்கினாலும் ரகம் பிழைத்துக்கொள்ளும். புத்தகத்துக்கும் இது பொருந்தும் என்று அரைகுறையாக நினைத்துத்தான் அலமாரி வாங்கினேன். முழுசாகப் புரிந்தது 2023 டிசம்பரில்.

மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் எண்ணெயோடு வந்தது. வடிந்த பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் போயின. வெறும் தண்ணீரில் நனைந்த புத்தகத்தைக் காப்பாற்றலாம். ஏடுகளுக்கு இடையே செய்தித்தாள் செருகி, நிமிர்த்தி நிறுத்தி, நிழலில் காற்றாட விடவேண்டும். செருகிய தாளை அடிக்கடி மாற்றவேண்டும். நெல்லைப் போல வெயிலில் போட்டால் தாள் சுருண்டுவிடும். எண்ணெய் பட்டதற்கு வைத்தியம் கிடையாது. எழுபது புத்தகங்களைத் தூக்கிப் போட்டேன். நம்மாழ்வார் ஐயாவின் 'உழவுக்கும் உண்டு வரலாறு' அதோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். நோட்டைப் பார்த்தால் அது எதிர் மாடிவீட்டு அக்காவிடம் இருந்தது. அப்படி வெளியே போயிருந்த நாற்பதில் முப்பத்தாறு ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தன. நான் பத்திரமாக வைத்திருந்தவைதான் அழிந்தன.

அதனால் தொடங்குகிறவர்களுக்கு முதலில் சொல்வது: புத்தகம் குறைவாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். ஐம்பது போதும், அதில் முப்பது எப்போதும் வெளியே இருக்கட்டும். நோட்டில் தேதி, புத்தகம், பெயர், கைபேசி எண், திரும்பிய தேதி. இவ்வளவுதான் கணக்கு.

ஆரம்பத்தில் நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம் வைத்தேன். பெரிய தப்பு. ஒரு தம்பி மூன்று மாதம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. வழியில் பிடித்துக் கேட்டால், "தொண்ணூறு ரூபா ஆயிட்ச்சேண்ணா" என்கிறான். அன்றே அபராதத்தை எடுத்துவிட்டேன். இப்போது கேட்பது வேறு. படித்ததைச் செய்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத்தாளில் ரெண்டு வரி எழுதுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மீன் அமிலம் பற்றிப் படித்துவிட்டு எழுதியது: கழிவும் வெல்லமும் சம எடை, குடல் மட்டும் போட்டால் சீக்கிரம் கரையுது, முள்ளு வேண்டாம், மூடி இறுக்கமா இல்லேன்னா புழு. லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி என்று புத்தகம் சொல்லும். முள்ளைப் பற்றிப் புத்தகம் சொல்லவில்லை. அடுத்து எடுத்துப் போகிறவருக்கு இதுவும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. 2 கிலோ 4 கிலோவாவது இப்படித்தான்.

நேரம் முக்கியம். இங்கே பாதிப் பேர் ஷிப்டு வேலை, மீதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். பகல் பத்து மணிக்குத் திறந்தால் யாரும் வரமாட்டார்கள். ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை திறக்கிறேன். உங்கள் ஊரில் பால் ஊற்றுகிற நேரமாக இருக்கலாம், அல்லது சந்தை நாளாக இருக்கலாம். ஆள் வரவில்லையென்றால் புத்தகம் போகவேண்டும். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-லேயே கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டுதான். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது அதில் முதல் விதி. மாட்டுவண்டி நம்மிடம் இன்னும் இருக்கிறது, ஏன் சும்மா நிற்கவேண்டும்?

பூச்சிக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். குதிருக்குள் போடுகிற காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் அலமாரிக்கும் ஆகும், கூடவே வசம்புத் துண்டு. எங்களுக்கு உப்புக்காற்று என்பதால் மாதம் ஒருமுறை மாற்றுகிறோம். அலமாரியை இப்போது செங்கல் வைத்து மூன்றடி உயர்த்தியிருக்கிறேன்.

அரசு நூலகத்துக்குப் போட்டி இது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. 1948-ல் வந்த சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், இப்போது அது பத்து சதவீதம். அந்தக் காசுக்கு ஊர்ப்புற நூலகத்தில் இயற்கை வேளாண்மை நூல்களைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு. கேளுங்கள், கூடவே இதையும் நடத்துங்கள்.

வெள்ளம் வடிந்து மூன்று வாரத்தில், டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்து சனம் ராத்திரியோடு ராத்திரியாக ஓடியது. அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்து, "அந்த வாயு இன்னாத்துக்குப்பா கப்பல்ல வருது?" என்று கேட்டார். வயலுக்குப் போடுகிற உரம் செய்ய என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, அது இல்லாமல் விளைய வைக்க முடியுமா, அதுக்குப் புத்தகம் இருக்கா என்றார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' கொடுத்தேன். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் அதற்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.