மென்மோதலும் வன்மோதலும்

ஜெனீவா நகருக்கு அண்மையில், சுவிற்சர்லாந்து, பிரான்சு எல்லையின் நிலத்தடியில், சேர்ன் நிலையத்தார் அமைத்த 27 கிலோமீற்றர் வளையம் உண்டு. 2008ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அவ்வளையத்திற் புரோத்தன்கள் ஒளிவேகத்தை அண்மித்து எதிரெதிராக ஓடி மோதின. உச்சநிலையில், செக்கனுக்கு ஏறத்தாழ 100 கோடி மோதல்கள் நிகழ்ந்தன.

புரோத்தன் கெட்டியான குண்டு அன்று. குவார்க்கு, குளுவோன் என்னும் நுண்துணிக்கைகளின் கூட்டம். இரு கூட்டங்கள் எதிர்ப்படும்போது பெரும்பாலும் உரசலே நிகழும். பிறக்கும் துணிக்கைகள் வந்த வழியை ஒட்டியே சிறிது விலகிச் செல்லும். இது மென்மோதல். மிக அரிதாக ஒரு குவார்க்கோ குளுவோனோ எதிர்க்கூட்டத்தின் ஒன்றை நேருக்குநேர் தாக்கும். அப்போது துணிக்கைகள் தாரைகளாகப் பக்கவாட்டிற் பாயும். இது வன்மோதல்.

விந்தை யாதெனில், அரிய வன்மோதலையே கணிதத்தாற் செவ்வையாகக் கணிக்கலாம். குவார்க்குகள் மிக நெருங்குகையில் அவற்றிடையேயுள்ள விசை தளரும் என்பதை 1973இல் குரோஸ், வில்செக், பொலிற்சர் ஆகியோர் காட்டினர். மென்மோதலில் அவ்விசை வலுத்து நிற்பதால் அக்கணிப்பு முறை பயன்படாது. அளவீடுகளைக்கொண்டு அமைத்த மாதிரிகளே துணை.

எனினும் மென்மோதலைப் புறக்கணித்தலாகாது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துணிக்கை, நூற்றுக்கணக்கான கோடி மோதல்களுக்கு ஒன்றாகவே தோன்றியது. பல புரோத்தன் இணைகள் ஒருங்கே மோதியமையால், அதன் சுவடுகளோடு மென்மோதல்களின் சிதறல்களும் கலந்திருந்தன. அவற்றை அளந்து கழித்த பின்னரே உண்மை புலனாயிற்று. நெல்லைத் தூற்றி எடுப்பவர் பதரின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ!