பதினாறு கண்களும் ஒரு கொண்டைக்கடலையும்

எங்கள் வீட்டில் காலையில் காபி, சாயங்காலம் நாலு மணிக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ. நவராத்திரி நடுவில் ஒருநாள், முற்றத்து ஓரமாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது என் ஓர்ப்படி கேட்டாள்: “வீட்ல எட்டுப் பேர் இருந்தோம். ஒருத்தர் கண்ல கூடவா படாம போச்சு? எப்படிக்கா?”

கேட்கும்போதே கண் கலங்கியது. முந்தின நாள் அவள் பட்ட பயம் அப்படி. மறுநாள் சுண்டலுக்கு ஊறப்போட அத்தை முறத்தில் கொண்டைக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டரை வயதுக் குட்டி பக்கத்தில் உட்கார்ந்து கூடவே பொறுக்கினாள். கொலு பார்க்க ஆட்கள் வந்தார்கள். வெற்றிலை பாக்கு எடுக்க அத்தை எழுந்து போனார். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, மூக்கைத் தொட்டுக் காட்டி, “கடலை தூங்குது” என்றாள்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வைத்தியம். ஹேர்பின்னை வைத்து எடுத்துவிடலாம் என்று ஒருவர், மிளகுப்பொடியை முகரவைத்துத் தும்ம விடலாம் என்று ஒருவர். எதுவும் வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். கடலை வெளியே வந்துவிட்டது. ஆனால் ஓர்ப்படியின் கேள்விக்குப் பதில் வரவில்லை. அன்று டீ ஆறும்வரை அவளுக்குச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். சின்னக் குழந்தை இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது வேண்டும்.

முதலில் அந்த விரல்கள். ஒன்பது, பத்து மாதம்வரை குழந்தை எதையும் உள்ளங்கையால் அள்ளித்தான் பிடிக்கும். அதன் பிறகுதான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கப் பழகும். எங்கள் குட்டிக்கு அந்த வித்தை வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாமா உள்ளங்கையில் ஒரே ஒரு பொரியை வைத்துக்கொண்டு நீட்டினார். அவள் விரல்கள் இரண்டும் பொரிக்கு அந்தப் பக்கம் போயின, இந்தப் பக்கம் போயின, நழுவின. கடைசியில் பிடித்துவிட்டாள். மாமா கைதட்டினார், வீடே கைதட்டியது. அன்றுமுதல் தினமும் தாத்தா கையில் பொரி, பேத்தி விரலில் பயிற்சி. அந்தப் பயிற்சி பெற்ற விரல்கள்தான் முறத்திலிருந்து கடலையை எடுத்தன. குழந்தை கெட்டதைச் செய்யவில்லை. கற்றதைச் செய்தாள். பொரியைக் கிள்ளத் தெரிந்துவிட்டால் கடலையையும் கிள்ளத் தெரியும். இந்த வயதில் ஓட்டை என்று எதைக் கண்டாலும் அதற்குள் ஒன்றைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். சாவித்துவாரமும் மூக்கும் காதும் அவளுக்கு ஒன்றுதான்.

அடுத்தது கடலை. கொண்டைக்கடலை ராத்திரி ஊறினால் காலையில் இரண்டு மடங்காகிவிடும் என்பது சமையலறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். மூக்குக்குள்ளும் ஈரம்தான். அங்கே மாட்டிய பயறும் பருப்பும் புளியங்கொட்டையும் நேரம் ஆக ஆக ஊறிப் பருத்து இறுகிப்போகும். மணி போன்ற பிளாஸ்டிக் சாமான் உள்ளே போனால் ஊறாது. தானியம் ஊறும். அதனால் “காலையில பார்த்துக்கலாம்” என்று விடக்கூடாது.

ஹேர்பின் ஏன் கூடாது? குழந்தையின் மூக்குத்துளை சின்னது. கடலையோ உருண்டை. பின்னை நுழைத்தால் அது பக்கத்தில் வழுக்கிக் கடலையைத் தள்ளும். குழந்தை தலையை வெடுக்கென்று திருப்பினால் உள்சதை கிழிந்து ரத்தம் வரும். மிளகுப்பொடி அதைவிட மோசம். தும்முவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு மூச்சை உள்ளே இழுப்போம், இல்லையா? அந்த இழுப்பில் கடலையும் உள்ளே போகலாம். இரண்டரை வயதில் மூக்கைச் சிந்தச் சொன்னாலும் குழந்தைக்குச் சரியாக வராது, உறிஞ்சத்தான் செய்யும். அதனால் முதல் வேலை, அழவிடாமல் சமாதானப்படுத்தி வாயால் மூச்சு விடச் செய்வதுதான்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. ஓர்ப்படியைக் கூப்பிட்டு, “அம்மா ஒரு பெரிய முத்தம் தரப்போறேன்னு குழந்தைகிட்ட சொல்லுங்க” என்றார். கடலை இல்லாத பக்கத்து மூக்குத்துளையை விரலால் மூடச் சொன்னார். குழந்தை வாயோடு வாய் பொருத்தி, முதலில் லேசாக ஊதி, காற்று முட்டுவது தெரிந்ததும் வெடுக்கென்று ஒரு ஊது. முதல் தடவை கடலை கொஞ்சம் நகர்ந்து எட்டிப் பார்த்தது. இரண்டாம் தடவை அம்மாவின் கன்னத்தில் வந்து விழுந்தது. குழந்தை சிரித்துவிட்டாள்.

இதற்கு ‘அம்மா முத்தம்’ என்றுதான் பெயர். 1965-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒரு பொது மருத்துவர் எழுதிவைத்த முறை. அதன் சூட்சுமம் எளிது. அம்மா ஊதும்போது குழந்தையின் குரல்வளை தானாக மூடிக்கொள்கிறது. நுரையீரலுக்குப் போக வழியில்லாத காற்று தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குள் வருகிறது. ஒரு துளையை விரல் அடைத்திருக்கிறது. மிச்சமிருப்பது கடலை உட்கார்ந்திருக்கிற வழி. பின்னாலிருந்து தள்ளுவதால் அது வெளியே வந்தாக வேண்டும். 2012-இல் இதைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு அறுபது பேருக்குப் பலித்திருந்தது. மயக்க மருந்தும் வேண்டாம், குழந்தையைக் கட்டிப்பிடித்து அமுக்கவும் வேண்டாம். முதல் தடவையாவது டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஆனால் ஒரு நிமிஷமும் காக்கக் கூடாத சாமான்கள் உண்டு. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கிற பொத்தான் பேட்டரி அதில் முதல். மூக்கின் ஈரம் பட்டதும் அதில் மின்சாரம் ஓடத் தொடங்கி, பட்ட இடத்தில் காரம் உண்டாகிச் சதையை அரிக்கும். சில மணி நேரத்தில் மூக்கின் நடுத்தண்டே ஓட்டையாகலாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாகிவிடும். காந்தமும் அப்படித்தான். இரண்டு துளையிலும் ஒவ்வொன்று போனால் நடுவில் இருக்கிற சதையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இவற்றுக்கு நேராக ஆஸ்பத்திரிதான்.

குழந்தை சொல்லாமலே விட்டுவிடுவதும் உண்டு. சளி என்றால் இரண்டு பக்கமும் ஒழுகும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் நாற்றத்தோடு ஒழுகினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அதே கடலை வாய்க்குள் போயிருந்தால் கதையே வேறு. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் எல்லாம் வந்துசேரவே இரண்டரை வயது ஆகும். மூச்சுக்குழாயோ குழந்தையின் சுண்டுவிரல் பருமன்தான். அதனால் நாலைந்து வயதுவரை கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முந்திரி எதையும் முழுசாகக் கொடுக்காதீர்கள். சுண்டலை மசித்துக் கொடுக்கலாம். தொண்டையில் மாட்டி, பலமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள், அதுவே தள்ளிவிடும். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. குழந்தையை முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டுத் தட்டுங்கள். வராவிட்டால், ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அமுக்கு. கைக்குழந்தைக்கு வயிற்றை அமுக்கக் கூடாது. நெஞ்சின் நடுவில் அமுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலைவிட்டுத் துழாவக் கூடாது. இன்னொருவர் அதே நேரத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இனி ஓர்ப்படியின் கேள்விக்கு வருகிறேன். எட்டுப் பேர், பதினாறு கண்கள். குழந்தை அத்தையிடம் இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அத்தை எழுந்து போகும்போது ஹாலில் மாமா இருக்கிறார் என்று நினைத்தார். மாமா வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தையோடு அம்மா இருப்பாள் என்று நினைத்தார். நாத்தனாரும் நானும் கொலுப்படிப் பக்கம் நின்றோம். யாரிடமும் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் குழந்தை யாரிடமும் இல்லை. தனியாக வளர்க்கிற அம்மாவுக்கு இந்தச் சந்தேகமே வராது, குழந்தை தன்னிடம்தான் என்று அவளுக்குத் தெரியும். நிறைய பேர் இருக்கிற வீட்டில்தான் இந்த இடைவெளி விழும்.

அதற்காகக் கூட்டுக்குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அம்மா குளிக்கும்போது தூக்கி வைத்துக்கொள்ள ஒரு கை, சோறு ஊட்ட ஒரு கை, கீழே போட்ட கரண்டியை நூறு தடவை எடுத்துக் கொடுக்க தாத்தாவின் கை. ஒருவருக்குப் பொறுமை தீர்ந்துபோகும் இடத்தில் இன்னொருவருக்குத் தொடங்கும். அந்தக் குழந்தை சிரிக்கிற சிரிப்பே இத்தனை கைகள் சேர்ந்து வளர்த்தது. இத்தனை கைகளில் இப்போது குழந்தை எந்தக் கையில் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பால் பாத்திரத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, பிடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை விடுகிறோமா? குழந்தைக்கும் அதே கணக்குதான்.

அன்றே வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். எழுந்து போகிறவர் உறவு சொல்லிக் கூப்பிட்டு, “மாமா, குழந்தை உங்ககிட்ட” என்று சொல்ல வேண்டும். அவர் “சரிம்மா, என்கிட்ட” என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். பதில் வராவிட்டால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே போக வேண்டும். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

விஜயதசமி அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். குட்டி தன் மரப்பாச்சியைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தாள். “தாத்தா, பாப்பா உங்ககிட்ட” என்றாள். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. அவள் நகரவில்லை. பொம்மையின் மேல் வைத்த கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “சரிம்மா, என்கிட்ட” என்றார். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள்.