ரோடு நல்லதா கெட்டதா என்பது தாரில் மட்டும் இல்லை!

“கெடா பக்கம் போனா ரோடு ஒரு மாதிரி, பேராக் பக்கம் போனா ஒரு மாதிரி. நம்ம பக்கந்தான் குண்டும் குழியுமா கெடக்கு!” செபராங் பிறைத் தோட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. கெடாவில் இருப்பவர்களும் பினாங்கைக் காட்டி இதையேதான் சொல்கிறார்கள். எந்த மாநிலத்து ரோடு உசத்தி என்று வழக்காடுவதற்கு முன், ரோடு எதனால் கெடுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், இம்மூன்று இடங்களும் ஆங்கிலேயர் பிடிக்குள் வந்த காலமே வேறு. செபராங் பிறை 1800இல் வந்தது. பேராக் 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் வந்தது. கெடாவோ 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. ஆங்கிலேயர் போட்ட சாலைகளில் நம்மவர் வியர்வை நிறையவே சிந்தியிருக்கிறது. முதலில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும், பிறகு பொதுப்பணி இலாகாவில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களும் கல் உடைத்தார்கள், மண் சுமந்தார்கள்.

இன்று மேலே போடும் சாமான் எல்லா மாநிலத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கருங்கல் சல்லி, மணல், தார். வித்தியாசம் அடியில் இருக்கிறது. கிரியான் பக்கமும் கெடாவின் வயல்வெளிப் பக்கமும் மெத்தென்ற களிமண். மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் அடிமண் இறங்கினால் ரோடும் இறங்கும். கூலிம், பாலிங் போன்ற மேட்டுப் பகுதிகளில் மண் கெட்டி. ஆனால் அங்கே மழைத் தண்ணீர் ஓரத்தை அரித்துவிடும். வாய்க்கால் அடைத்துக் கிடந்தால் எந்த ரோடும் நிலைக்காது.

மங்கில் உறைந்த கட்டிப்பாலைத் தாரோடு கலந்து ரோடு போடும் முறையும் நம் நாட்டில் வந்துவிட்டது. ரப்பர் கலந்த தார் வெயிலில் சீக்கிரம் இளகாது; கனமான லோரி ஏறினாலும் எளிதில் பள்ளம் விழாது. செலவு கூடுதல், ஆயுளும் கூடுதல். 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் துறைமுக, தொழிற்பேட்டைச் சாலைகளுக்கென்று இதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பேராசிரியர் வாசுதேவன், சூடான சல்லியின் மேல் குப்பைப் பிளாஸ்டிக்கைத் தூவிப் பூச்சாக்கி, அதன்மேல் தாரைக் கலந்து ரோடு போடும் வழியைக் கண்டார். அதற்காக 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

துறைமுகத்துக்கு ரப்பர் ரோடு, சரி. பாலை மரத்திலிருந்து இறக்கியவர்களின் லயத்து ரோட்டுக்கு என்ன?

இங்கேதான் உண்மையான விஷயம் இருக்கிறது. பாரிட் புந்தாரிலிருந்து நிபோங் திபால், பட்டர்வொர்த் வழியாகச் சுங்கை பட்டாணி போகும் 1ஆம் எண் சாலை மூன்று மாநிலங்களையும் தொட்டாலும், அது மத்திய அரசின் சாலை. வெறும் எண் மட்டும் இருந்தால் மத்திய அரசு. எண்ணுக்கு முன் ‘பி’ இருந்தால் பினாங்கு, ‘கே’ இருந்தால் கெடா, ‘ஏ’ இருந்தால் பேராக் மாநிலச் சாலை. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. ஆனால் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பணம். தோட்டத்துக்குள் ஓடும் ரோடு நிர்வாகத்தின் சொந்த நிலம். அது அந்தப் பதிவேட்டில் இல்லை. செம்பனைக் குலை லோரி ஓடி ஓடிப் பள்ளமான ரோட்டில் பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்சும் திணறுவது இதனால்தான். அந்த மாநிலம், இந்த மாநிலம் என்ற பேதம் இதற்கு இல்லை.

ஆகவே, “ரோடு சரியில்லை” என்று பொதுவாகப் புலம்பினால் காரியம் நடக்காது. அந்த ரோடு யாருடையது என்று முதலில் கேளுங்கள். எண் உள்ள சாலையானால் பொதுப்பணி இலாகா. செபராங் பிறைப் பட்டணத்துத் தெருவானால் மாநகர் மன்றம். தோட்டத்து ரோடானால் நிர்வாகம். அங்கே தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்க வேண்டும். குழி இருக்கும் இடம், கிலோமீட்டர் கல்லின் எண், தேதி எல்லாம் குறித்து, படமும் எடுத்து, நாலு பேர் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். கொடுத்த மனுவுக்குப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.