முகப்பூச்சும் இரண்டாம் வைத்தியரும்

ஓட்டமாவடிப் பாலத்தை அறியாதார் மட்டக்களப்பு நாட்டில் இரார். புகைவண்டியும் மோட்டார் வண்டியும் ஒரே பாலத்தின்மீது சென்ற காலம் ஒன்றிருந்தது. ஒன்று போகும்வரை மற்றொன்று கரையிலே காத்து நிற்கும். இன்று அருகிலேயே புதிய பாலம் எழுந்துவிட்டபடியால் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. ஆனால் முகத்திற் பூசிய பூச்சினால் முகம் சிவந்து வீங்கியபின், முதலிற் கண்ட வைத்தியரிடம் குணம் காணாவிடின் அடுத்து யாரிடம் போவதென்று தெரியாது காத்து நிற்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், பெண்ணின் நிறத்தைப் பற்றி யாரோ ஒரு பெரியம்மா ஒரு சொல் சொல்லிவிடுகிறார். உடனே முகம் வெளுக்கும் பூச்சொன்று வீட்டுக்கு வந்து சேர்கிறது. அது கடையில் வாங்கியதாயிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் அத்தரோடும் சவர்க்காரத்தோடும் சேர்ந்து வந்ததாயும் இருக்கலாம். முதல் வாரத்தில் முகம் பளிச்சிடுகிறது. வீடே மகிழ்கிறது. (மாப்பிள்ளையின் நிறத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.)

பூச்சினால் வரும் தீங்கு ஒருவகைப்பட்டதன்று. சில பூச்சுகள் தோலை நேரே சுடுவன. பூசிய சிறிது நேரத்திலேயே எரிச்சல் தெரியும். வேறு சில ஒவ்வாமையை உண்டாக்குவன. அந்த அரிப்பும் கொப்புளமும் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தோன்றும். பல மாதங்கள் தீங்கின்றிப் பூசிவந்த பொருளே ஒருநாள் ஒவ்வாததாய் மாறுவதும் உண்டு. ஆதலால் உண்மைக் காரணம் ஒளிந்துகொள்ள, நேற்றுத் தின்ற இறாலின்மேலும் நண்டின்மேலும் பழி விழுகிறது. புதிய பூச்சொன்றைச் சோதிக்க விரும்புவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவாக நாளுக்கு இருமுறை, ஏழு முதல் பத்து நாள்வரை தடவிப் பார்ப்பது நன்று. எனினும் இச்சோதனை ஒவ்வாமையைத்தான் காட்டும். பூச்சில் மறைந்துள்ள நஞ்சைக் காட்டாது.

அந்த நஞ்சு பாதரசம். தோலுக்கு நிறந்தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. ஆகவே முகம் வெளுக்கிறது. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. உள்ளே ஊறி, இரத்தத்திற் கலந்து, சிறுநீரகத்தை அடைகிறது. 1972இல் நைரோபி நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வறிக்கை, சிறுநீரகம் கெட்டு உடல் வீங்கிய 60 நோயாளரில் 32 பேர் தோல் வெளுக்கும் பூச்சைப் பாவித்தவர்கள் என்று கூறிற்று. அவ்வளவு பழைய எச்சரிக்கையும் மறக்கப்பட்டது.

அண்மையில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஊரிலுள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை வைத்தியர்கள் அதனை மீண்டும் கண்டனர். அரியதொரு சிறுநீரக நோயோடு வந்தவர்களுக்கு வழக்கமான மருந்து பலிக்கவில்லை. நோயின் பெயர் தெரிந்தும் காரணம் தெரியவில்லை. அப்போது அவர்கள், முகத்தில் என்ன பூசுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை அங்கு கண்ட 22 நோயாளரில் 15 பேருக்கு அந்த அரியவகை இருந்தது. அந்தப் பதினைவரில் 13 பேர் வெளுக்கும் பூச்சைப் பாவித்திருந்தனர். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. யாரும் கேளாதிருந்த ஒரு கேள்வி எத்தனை பேரைக் காத்தது பாருங்கள்!

இரண்டாம் வைத்தியரிடம் போவதன் பயன் இதுவே. அவர் முதல்வரைவிடக் கெட்டிக்காரர் என்பதற்காக அன்று; கேளாத கேள்வியை அவர் கேட்கக்கூடும் என்பதற்காக. சில வேளைகளில் நோயே உருமாறிவிடும். படர்தாமரையின்மேல் ஸ்டீரொயிட் கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு அடங்கி, வட்டம் மறைந்து, உள்ளே பூஞ்சை பரவும். அந்நிலையிற் பார்க்கும் வைத்தியர் அதனை வேறொன்றாக எண்ணுவது அவர் குற்றமாகாது. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியிற் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்னும் தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்த வரலாற்றை முதியோர் அறிவர். அந்நோய் இம்மாவட்டத்தில் முற்றாக ஒழிந்துவிடவில்லை. வெளிறிய ஒரு தழும்பு, அதிலே தொடுவுணர்ச்சி குறைவு: இதனைத் தேமல் என்றோ பூச்சின் விளைவென்றோ எண்ணி, மறைப்பதற்கு மற்றொரு பூச்சைத் தேடுவது பெருந்தவறு. இன்று ஆறு அல்லது பன்னிரண்டு மாத மருந்தினால் முற்றிலும் குணமாகும் நோய் அது, மருந்தும் இலவசம். காலந் தாழ்த்தினாற்றான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

முதல் வைத்தியர் கோபிப்பாரே என்று பலர் அஞ்சுகின்றனர். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். சரும நோய் நிபுணருக்கு ஒரு கடிதம் தாருங்கள் என்று அவரிடமே கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அக்கடிதத்துடன் செல்வது எளிது. இதற்கு மாறாக, நால்வரிடம் மருந்து வாங்கி, அதனை மறைத்து ஐந்தாமவரிடம் போவோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர்.

போகும்போது பூச்சுக் குப்பியையும் அதன் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். வெட்கப்பட்டு எறிந்துவிட வேண்டாம். பெட்டியில் கலோமெல், மெர்குரி என்ற சொற்கள் உண்டா எனப் பாருங்கள். தங்க நகையில் படவிடாதீர் என்று எழுதியிருந்தால், அதுவும் பாதரசத்தின் அடையாளம். ஆனால் உதடோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினால் குப்பியைத் தேடி நிற்க நேரமில்லை. எந்த நேரமாயினும் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே விரையவேண்டும். கண்ணிமையும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால், சிறுநீரையும் இரத்தத்தையும் அன்றே பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.