காற்றறைக்குள் ஆறுமா கால் புண்?

ஆறாத புண்ணுக்கு அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்பது பழைய செய்தி. இப்போது விளம்பரங்களில் மன அமைதியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. முதலாவதில் சரக்கு இருக்கிறது. இரண்டாவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மூடிய அறைக்குள் இயல்பைவிட இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே ஏறக்குறைய முழுச் சுமையோடுதான் ஓடுகின்றன. கோலி சோடாவில் வாயு கரைந்து நிற்பதுபோல, அழுத்தத்தில் ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் கரைந்து, ஓட்டம் குறைந்த புண்ணின் ஓரம்வரை போய்ச் சேர்கிறது. எலும்புவரை இறங்கிய சர்க்கரைப் புண்ணில், மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் 20 முதல் 40 அமர்வுகள்.

பத்தமடைப் பாய்க்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கோரையைக் கீறி, ஊறவைத்து, தரையோடு கிடக்கும் தறியில் குனிந்து நெய்பவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துவிட்டால் உரசல் தெரியாது. கொப்புளம் உடைந்து துணியில் ஈரம் பட்டபிறகுதான் தெரியும். புண் வாடைக்குக் கூசிக் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துவார். தூக்கம் போகும். மனச்சோர்வு அங்கேதான் தொடங்குகிறது. அந்த மனதைக் குறிவைத்துத்தான் விளம்பரம் வருகிறது.

இந்தச் சிகிச்சை மனதுக்கு உதவுமா? அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட ராணுவத்தினரிடம் நடந்த சோதனைகளில், பெயரளவு அழுத்தம் பெற்ற ஒப்பீட்டுக் குழுவும் ஏறக்குறைய அதே அளவு தேறியது. இஸ்ரேல் ஆய்வாளர்கள் சிலர் நல்ல பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். பெரிய ஆய்வுகளில் உறுதியாகட்டும். அதுவரை இதை மனதுக்கு மருந்தென்று விற்பது தவறு. ஆபத்தும் உண்டு: காதுச் சவ்வு பாதிக்கப்படலாம், அபூர்வமாக வலிப்பு வரலாம். 2025 ஜனவரியில் மிச்சிகனில் இப்படியோர் அறை தீப்பற்றி 5 வயதுச் சிறுவன் இறந்தான்.

1887-இல் இதே பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, துறவியான சுவாமி சிவானந்தர் மூச்சுப் பயிற்சிக்கென்றே நூல் எழுதினார். ஊர்க்காரர்களுக்கு மன அமைதியை உருளை அறைக்குள் விலைக்கு வாங்கும் தேவை இல்லை. மனச்சோர்வு முற்றினால் மனநல மருத்துவர் இருக்கிறார்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்: காலில் ரத்த ஓட்டத்தைச் சோதித்தார்களா? அழுகிய சதையை அகற்றினார்களா? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? பாதத்தில் பாரம் விழாமல் இருக்க வழி சொன்னார்களா? தறிக்காரருக்குக் கடைசிக் கேள்விதான் பெரிது. பாரம் விழக்கூடாதென்றால் சிகிச்சை நடக்கும் அத்தனை வாரமும் நெய்ய முடியாது. கூலிக்கு என்ன வழி என்பதையும் வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.