கொடியடுப்பும் கணக்கு யந்திரமும்

விறகடுப்பு எரிந்த வீடுகளில் வளர்ந்தோர் கொடியடுப்பை மறந்திரார். தலையடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்தே தனக்கென விறகு வேண்டாத சிற்றடுப்பொன்று, உள்வழியாக வரும் அனலைப் பெற்றுக் குழம்பையோ பாலையோ சூடு ஆறாமற் காத்து நிற்கும். ஒரு நெருப்பினிடம் இரண்டு வேலை வாங்கிய இச்சிக்கனத்தை நம் பாட்டிமார் எந்தக் கலாசாலையிலும் கற்றாரல்லர். ஆயினும், இந்நாளில் பொறியியலார் பெரிதும் பேசும் ‘கழிவு உஷ்ணத்தை மீட்டல்’ என்னும் தத்துவம் அவ்வடுப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

அண்மையில் மாணவர் ஒருவர் எம்மை அணுகி, “ஐயா, பிட்காயின் மைனிங் யந்திரமொன்றை வீட்டில் வைத்தால் நாணயமும் கிடைக்கும், அதன் சூட்டிலே வெந்நீரும் கிடைக்கும் என்கிறார்களே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அன்றோ?” என வினவினார். அவர்க்கு அன்று யாம் கூறிய விடையையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் அவ்யந்திரம் செய்யும் தொழில் யாதென அறிதல் வேண்டும். பிட்காயின் என்பது அரசாங்க முத்திரையின்றிக் கணிப்பொறிகளிலேயே வழங்கும் ஒரு நாணயம். சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008-ஆம் ஆண்டில் இதன் திட்டத்தை வெளியிட, 2009 ஜனவரி 3-ஆம் நாள் இது தொடங்கிற்று. இதன் வரவு செலவெல்லாம் உலகமெங்கும் பலர் படிவைத்துள்ள ஒரு பொதுப் பேரேட்டில் எழுதப்படுகின்றன. சுமார் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை அப்பேரேட்டில் புதிய ஏடொன்று சேரும். அதனைச் சேர்க்கும் உரிமைக்காகப் பல்லாயிரம் யந்திரங்கள் போட்டியிட்டு, குறித்த விடையைத் தரும் எண்ணொன்றை ஓயாது ஊகித்துக்கொண்டேயிருக்கும். முதலில் கண்டுபிடித்தவர்க்குப் பரிசாகப் புதிய நாணயங்கள் கிடைக்கும். தொடக்கத்தில் 50 ஆக இருந்த அப்பரிசு, ஏறக்குறைய நான்காண்டுக்கொருமுறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆயிற்று.

இவ்வோயாத ஊகத்துக்கு மின்சாரமே உணவு. 2016-இல் வெளிவந்த ஆண்ட்மைனர் எஸ்9 என்னும் யந்திரம் சுமார் 1,300 வாட்டும், 2020-இல் வந்த எஸ்19 ப்ரோ 3,250 வாட்டும் உட்கொள்ளும். கம்பியில் மின்சாரம் ஓடுங்கால் உஷ்ணம் பிறக்கும் அளவை ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1841-ஆம் ஆண்டிலேயே வரையறுத்துக் கூறினார். கணக்கு எத்துணை நுட்பமாயினும் ஆகுக. யந்திரம் உண்ட மின்சாரம் அனைத்தும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்படும். ஒரு யூனிட் மின்சாரம் உண்டால் சுமார் 860 கிலோகலோரி உஷ்ணம் உண்டு. வெந்நீருக்கென வைக்கும் ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு இதே அளவைத்தான் தரும். ஆகவே மாணவர் கேள்விப்பட்டது பொய்யன்று. மைனிங் யந்திரம் உண்மையாகவே ஒரு ஹீட்டர்தான்.

ஆயின் உஷ்ணத்தின் அளவு வேறு, தரம் வேறு. இதனை அறிய நாம் வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கிவரும் பாரத மிகுமின் நிறுவனத்தில், வாயுச் சுழலிகள் கழிக்கும் புகையின் உஷ்ணத்தைக் கொண்டே நீராவி எழுப்பும் கொதிகலங்கள் செய்யப்படுகின்றன. அப்புகை 500 டிகிரிக்கும் மேற்பட்ட வெம்மையுடையது. ஆதலின் அதனால் இரண்டாவது சுழலியொன்றைச் சுழற்றி மீண்டும் மின்சாரம் எடுக்க இயலும். காவிரிப் படுகையின் எரிவாயுவைக்கொண்டு நடைபெறும் கோவில்களப்பால், குத்தாலம் மின்நிலையங்கள் இம்முறையில் அமைந்தவையே. மைனிங் யந்திரத்தின் மூச்சோ 50 அல்லது 60 டிகிரி அளவினது. அது சுழலியைச் சுழற்றாது; நீரை வெதுவெதுப்பாக்கும், ஈரத்தை உலர்த்தும், அவ்வளவே.

கணக்கு யந்திரத்தின் உஷ்ணத்தைத் திரவத்தில் ஏந்திச் செல்லும் வழியையும் நம்மூரிலேயே காணலாம். துவாக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதத்தில் தொடங்கப்பெற்ற ‘பரம் பொருள்’ என்னும் மீக்கணினி, காற்றை மட்டும் நம்பாது, குளிர்திரவத்தை உள்ளுறுப்புக்களின் அருகே செலுத்திச் சூட்டை வாங்கும் முறையைக் கைக்கொண்டுள்ளது. வீட்டில் முயல்வோரும் இதனையே சிறிய அளவிற் செய்கின்றனர். மின்சாரம் கடத்தாத எண்ணெயில் யந்திரத்தை அமிழ்த்தி, சூடேறிய எண்ணெயைத் தகடுகளாலாகிய வெப்பமாற்றியொன்றின் ஒருபுறமும், தொட்டி நீரை மறுபுறமும் ஓடச்செய்வர். எண்ணெயும் நீரும் கலவா. சூடு மட்டும் இடம் மாறும்.

குளிர்நாட்டார்க்கு இது வரப்பிரசாதமே. பின்லாந்தில் 2024-இல் இவ்யந்திரங்களின் உஷ்ணம் நகரத்து வெந்நீர்க் குழாய்களிற் செலுத்தப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளினில் நீராடும் நிலையமொன்று தன் குளத்தை இவ்விதம் சூடேற்றுவது 2023-இல் பலரும் பேசும் செய்தியாயிற்று. நார்வேயில் இச்சூட்டால் விறகையும் கடற்பாசியையும் உலர்த்தியுள்ளனர். அவ்விடங்களில் உஷ்ணம் விலைகொடுத்து வாங்கும் பண்டம்.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்கோ? பகலெல்லாம் வெயிலை உண்ட பாறை முன்னிரவிலும் அனலுமிழ்வதை நாம் அறிவோம். சித்திரை வைகாசியில் மாடித்தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர் தானே வரும். எனவே இங்கே கணக்கைப் பிறிதொரு முறையிற் போடல் வேண்டும். நால்வருள்ள குடும்பம் குளிர்காலத்துக் காலையில் 100 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு உயர்த்த வேண்டுமெனக் கொள்வோம். அதற்கு வேண்டியது 2 யூனிட்தான். எஸ்19 ப்ரோ ஒரு நாள் முழுதும் ஓடினால் உண்பது 78 யூனிட். அதாவது, நம் முன்னோர் கணக்கிற் சொன்னால், வெளிவரும் உஷ்ணத்தில் நமக்குப் பயன்படுவது அரைமா. நாற்பதில் ஒரு பங்கு. எஞ்சிய முப்பத்தொன்பது பங்கும் நம் வீட்டையே உலையாக்கும். அதனை வெளியேற்றக் குளிர்சாதனம் வைத்தாலோ, அதற்கும் மின்சாரம் இறுக்க வேண்டும். தமிழக அரசு 2016-இல் வீடுகட்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றி அளிக்கத் தொடங்கிற்று. அந்த 100 யூனிட்டையும் இவ்யந்திரம் 31 மணி நேரத்தில் விழுங்கிவிடும்.

நாணய வருவாய் இச்செலவை ஈடுசெய்யுமெனின், அதன் விலை நாள்தோறும் ஏறியிறங்குவது. பரிசோ குறைந்துகொண்டே செல்வது. மேலும் 2022-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இத்தகைய சொத்துக்களின் வருவாய்க்கு 30 சதவீதம் வரி விதித்தது. மைனிங்குக்கு ஆகும் சாதனச் செலவைக் கழித்துக்கொள்ள இடமில்லையென்றும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பாராளுமன்றத்தில் விளக்கப்பட்டது.

அங்ஙனமாயின் இம்முயற்சியே வீணோ? அன்று. பழைய எஸ்9 ஒன்றை வெந்நீர் வேண்டும் ஒன்றரை மணி நேரம் மட்டும் இயக்கினால், ஹீட்டர் உண்ணும் அதே 2 யூனிட்டில் நாணயமும் சிறிது கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில், வெயில் முகங்காட்டாத நாட்களில், வற்றலும் அப்பளமும் உலர்த்த ஒரு பெட்டி அமைக்கலாம். நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதமுள்ள 28 டிகிரிக் காற்றை 45 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் 32 பங்காகக் குறையும். அத்தகைய காற்று ஈரத்தைத் தாகத்தோடு பருகும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் மூன்றில் இரண்டு யூனிட் உஷ்ணம் போதும். கசிந்து போவதையும் கூட்டி இருமடங்கென்று வைத்துக்கொள்ளலாம். யந்திரத்துத் தூசி உணவிற் படாதபடி வடிதுணி கட்டுதல் இன்றியமையாதது.

செய்ய விரும்புவோர் சில எச்சரிக்கைகளையும் மனத்திற் கொள்க. 3,250 வாட் யந்திரம் 230 வோல்ட்டில் 14 ஆம்பியர் மின்சாரத்தை இடையறாது இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அமைத்த கம்பியும் பிளக்கும் அதனைத் தாங்கா, தீப்பற்றும். நில இணைப்பின்றி நீரையும் மின்சாரத்தையும் அருகருகே வைத்தல் உயிருக்கே கேடு. தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டன்றித் தொடங்கற்க. விசிறியின் இரைச்சலோ அண்டை வீட்டாரையும் உறங்கவொட்டாது.

மீண்டும் கொடியடுப்பை நோக்குவோம். சோறு வேண்டியே பாட்டி தலையடுப்பை மூட்டினாள். பால் காய்ச்சுவது அதனோடு வந்த ஊதியம். கொடியடுப்பு சூடாகுமென்பதற்காகத் தலையடுப்பை நாள் முழுதும் எரித்த பாட்டியை எவ்வூரிலும் கண்டாரில்லை. தேவை முன்னும் யந்திரம் பின்னுமாக நின்றால் அது சிக்கனம். யந்திரத்தை வாங்கிவிட்டு அதற்கொரு தேவையைத் தேடினால் அது வீண்செலவு. எம்மை வினவிய மாணவர் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்து, பின்னர், “ஐயா, எங்கள் வீட்டு மாடியில் வெயில் நன்றாக விழும், சூரிய வெந்நீர்த் தொட்டி என்ன விலையாகும்?” என்றார். அக்கேள்வி எமக்கு மிக்க மகிழ்ச்சியைத் தந்தது.